மருந்துச் சீட்டும் கணிப்பொறியும்

நம் இல்லங்களில் மருந்து வைப்பதற்கென்று ஒரு தகரப் பெட்டி இருக்கும். திருக்குடும்பப் படத்தின் கீழுள்ள பலகையிலோ, அடுக்களை மாடத்திலோ அதைக் காணலாம். திறந்து பார்த்தால் தலைவலித் தைலம், இருமல் மருந்து இவற்றினிடையே பாதி உண்டு பாதி விடப்பட்ட ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டைகள் இரண்டு மூன்றாவது அகப்படும். சென்ற ஆண்டு தந்தையின் காய்ச்சலுக்கு வாங்கியது, இவ்வாண்டு மகளின் தொண்டை வலிக்கு எடுக்கப்படும். இதைப் பற்றி நம் குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். நாமும் கூறியிருக்கிறோம்.

ஆனால் இதே ஆன்டிபயாடிக் மருந்துகள் மருத்துவமனைக்குள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செபமாலையும் கையுமாக அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்: செவிலியர் ஒருவர் வந்து சீட்டொன்றை நீட்டுவார், நாம் மருந்துக் கடைக்கு ஓடுவோம், ஊசி மருந்தின் விலையைக் கேட்டு ஒரு கணம் திகைப்போம், பின் கொடுப்போம். அந்தச் சீட்டில் அந்த மருந்தின் பெயர் ஏன் வந்தது? வேறொன்று ஏன் வரவில்லை? இந்த அளவு யார் கணக்கிட்டது? கேட்க நமக்குத் தெரியாது. கேட்டாலும் விளங்காது என்று விட்டுவிடுகிறோம்.

மருத்துவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு. அறுபத்தைந்து வயதுத் தாய் ஒருவர் கடுங்காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் கொண்டுவரப்படுகிறார். நுரையீரலில் கிருமி புகுந்திருக்கிறது என்பது தெளிவு. எந்தக் கிருமி என்பது தெரியாது. சளியையும் குருதியையும் எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நோயாளியோ அதுவரை காத்திருக்க மாட்டார். எனவே மருத்துவர் ஊகித்தே மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஊகம் சரியாக அமைய வேண்டுமாயின் பல செய்திகள் ஒருங்கே அவர் கண்முன் இருக்க வேண்டும். அந்தத் தாய்க்குப் பென்சிலின் ஒவ்வாதா? சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது? ஆறு மாதங்களுக்கு முன் இதே மருத்துவமனையில் அவர் இருந்தபோது எந்தக் கிருமி அகப்பட்டது? இந்த ஊரில், இந்த ஆண்டில், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் கிருமிகள் எந்த மருந்துக்கு மடிகின்றன, எதற்கு மடிவதில்லை? இவையனைத்தும் மருத்துவமனையில் எங்கேயோ எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே காகிதத்தில் இல்லை; ஒன்று ஆய்வுக்கூடத்தில், ஒன்று எக்ஸ்ரே அறையில், ஒன்று மருந்தகத்தில், மற்றொன்று பழைய கோப்பில்.

இருளில் நிற்பவர் செய்வதையே பெரும்பாலான மருத்துவர்களும் செய்கிறார்கள். எல்லாக் கிருமிகளையும் தாக்கக்கூடிய மிக வலிய மருந்தை எடுக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அன்றிரவு அந்தத் தாயைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர்கள் நினைவு. ஆனால் வலிய மருந்து, தீய கிருமிகளோடு நம் குடலில் வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களையும் அழித்துவிடுகிறது. அழியாமல் எஞ்சுபவை அந்த மருந்துக்கு அஞ்சாதவை மட்டுமே. காலியான வயலில் களை பரவுவதுபோல அவை பெருகுகின்றன; அடுத்த படுக்கைக்கும் செல்கின்றன.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1928-ஆம் ஆண்டில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். தொண்டை வலி கண்ட ஒருவர் தாமாகவே பென்சிலின் வாங்கிக் குறைவாக உண்கிறார். கிருமிகள் சாகாமல் பழகிக் கொள்கின்றன. அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகின்றன. மனைவிக்கு நுரையீரல் அழற்சி கண்டு, பென்சிலின் பயனளிக்காமல் அவர் இறக்கிறார். இப்படியொரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்காட்டி அவர் எச்சரித்தார். உலகம் கைதட்டிவிட்டு மறந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு மடியாத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-இல் வெளியான ஒரு பேராய்வு மதிப்பிட்டது. நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. என்.டி.எம்-1 எனப்படும் எதிர்ப்பாற்றலைக் கொண்ட கிருமிகளைப் பற்றி 2010-இல் வெளியான முக்கிய ஆய்வில் இடம்பெற்ற ஊர்களுள் சென்னையும் ஒன்று. 2012-இல் நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் இவ்விடரைப் பற்றிக் கலந்து பேசக் கூடியதும் சென்னையில்தான். அங்கே பிறந்த அறிக்கைக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர்.

நிற்க. இருளில் நிற்கும் அந்த மருத்துவருக்கு விளக்கொன்று ஏற்ற முடியுமா என்று சிலர் வெகு காலத்திற்கு முன்பே எண்ணினார்கள். அவர்கள் கதையே நாம் இங்குச் சொல்ல விரும்புவது.

முதல் முயற்சி

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களில் எட்வர்டு ஷார்ட்லிஃப் என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர்களும் ‘மைசின்’ என்ற கணிப்பொறித் திட்டத்தை உருவாக்கினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளின் பெயரில் வரும் ஈற்றே அதன் பெயராயிற்று. தொற்றுநோய் வல்லுநர்களை அமர்த்தி, “இப்படி இருந்தால், இப்படியும் இருந்தால், இந்தக் கிருமியாக இருக்கலாம்” என்று அவர்கள் மனத்தில் ஓடும் சிந்தனையைக் கேட்டுக் கேட்டு, சில நூறு விதிகளாக எழுதி அதனுள் வைத்தார்கள். மருத்துவர் அதன்முன் அமர்ந்தால் அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். “இதை ஏன் கேட்கிறாய்?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால், எந்த விதியை எண்ணிக் கேட்கிறது என்பதையும் அடக்கமாகச் சொல்லும். (நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வளவு அடக்கத்தை எதிர்பார்க்க முடியாது!)

மூளைச் சவ்வு அழற்சி கண்ட பத்து நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும் ஸ்டான்போர்டு மருத்துவர்களிடமும் கொடுத்து, எந்த மருந்து தருவீர்கள் என்று கேட்டார்கள். எந்த விடை யாருடையது என்று சொல்லாமல், வெளியூர் வல்லுநர்கள் எண்மரிடம் அவற்றை மதிப்பிடக் கொடுத்தார்கள். 1979-இல் முடிவு வெளியாயிற்று. மைசினின் விடைகளில் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை எனப்பட்டன. தொற்றுநோய்ப் பேராசிரியர்கள் ஐவரின் மதிப்பெண்களோ 42.5 முதல் 62.5 வரையே இருந்தன.

இத்தனைக்குப் பின்னும் மைசின் ஒரு நோயாளியின் படுக்கை அருகிலும் வழக்கமான பயனுக்கு வரவில்லை. காரணங்கள் பலவாகச் சொல்லப்படுவதுண்டு. நமக்கு முதன்மையாகத் தோன்றுவது ஒன்றே. அது மருத்துவமனையோடு இணையாமல் தனியே நின்ற அறிவு. நோயாளியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வயது முதல் ஆய்வுக்கூட முடிவு வரை எல்லாவற்றையும் மருத்துவரே அமர்ந்து தட்டச்சுச் செய்ய வேண்டும். மூச்சுத் திணறும் நோயாளியை விட்டுவிட்டு அரைமணி நேரம் கேள்விகளுக்கு விடை சொல்ல எந்த மருத்துவருக்குப் பொழுது இருக்கும்?

உப்பு ஏரி நகரில்

யூட்டா மாநிலத்தின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் 1905-இல் திறக்கப்பட்ட எல்.டி.எஸ். மருத்துவமனை என்றொரு பெரிய மருத்துவமனை உண்டு. மோர்மோன் சபையார் நிறுவி நடத்தி, 1975-இல் இலாப நோக்கற்ற ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தது. (அதே நகரில் 1875-ஆம் ஆண்டிலேயே திருச்சிலுவைக் கன்னியர் மருத்துவமனையொன்றைத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நம் வாசகர்கள் அறிவது நன்று.) எல்.டி.எஸ். மருத்துவமனையில் ஹோமர் வார்னர் என்ற இதயநோய் மருத்துவர் இருந்தார். கணிதத்தில் பற்றுடையவர், பிறவி இதயக் கோளாறுகளை நிகழ்தகவுக் கணக்கால் கண்டறியலாம் என்று 1961-இலேயே எழுதியவர். அவரும் அவர் தோழர்களும் எழுப்பிய அமைப்பின் பெயர் ‘ஹெல்ப்’. உதவி என்பதே அச்சொல்லின் பொருள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மைசினுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன? ஹெல்ப் மருத்துவமனையின் நரம்பு மண்டலமாகவே வளர்ந்தது. ஆய்வுக்கூடத்தின் முடிவுகள், எக்ஸ்ரே அறிக்கைகள், மருந்தகத்தின் கணக்கு, செவிலியர் படுக்கையருகே குறித்த காய்ச்சல் அளவு எல்லாம் அதனுள் வந்து சேர்ந்தன. யாரும் கேட்காமலே, புதிய செய்தி ஒன்று வந்தவுடன் அது தன் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்படும் மருந்துக்கு அவர் உடலில் வளர்ந்த கிருமி மடியவில்லை என்று ஆய்வுக்கூடம் பதிந்தால், உரியவருக்கு உடனே அறிவிப்புச் செல்லும். முன்பு இச்செய்தி காகிதத்தில் எழுதப்பட்டு, கோப்பில் வைக்கப்பட்டு, யாரேனும் புரட்டும் வரை காத்துக்கிடக்கும்.

இந்த அடித்தளத்தின்மேல்தான் ஸ்காட் எவன்ஸ், மருந்தாளர் ஸ்டான்லி பெஸ்டாட்னிக், மருத்துவர்கள் டேவிட் கிளாசென், ஜான் பர்க் ஆகியோர் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கான உதவியைக் கட்டினார்கள். அவர்கள் முதலில் கைவைத்தது மிக எளிய ஒன்றில். அறுவை சிகிச்சையின்போது காயத்தில் சீழ் வைக்காதிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம். எப்போது கொடுப்பது? கத்தி உடலைத் தொடும் நேரத்தில் மருந்து தசையில் நிறைந்திருக்க வேண்டும். வெகு முன்னதாகக் கொடுத்தால் வடிந்துவிடும்; பின்னர்க் கொடுத்தால் கிருமி முந்திக்கொள்ளும். அங்கே 2,847 நோயாளிகளைக் கவனித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கிக் காட்டியது. அறுப்பதற்கு முன் இரண்டு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களில் காயத்தில் தொற்றுக் கண்டவர்கள் நூற்றுக்கு 0.6 பேர். அதற்கும் வெகு முன்னதாகப் பெற்றவர்களில் 3.8 பேர், அறுத்து மூன்று மணி நேரம் கடந்த பின் பெற்றவர்களில் 3.3 பேர். மருந்து ஒன்றே, விலையும் ஒன்றே; கடிகாரம் மட்டும் வேறு!

இதை மருத்துவர்கள் அறியாதவர்களா? அறிந்தவர்களே. ஆனால் அறிவது வேறு, பரபரப்பான காலை வேளையில் நினைவில் கொள்வது வேறு. கணிப்பொறி அறுவை சிகிச்சைப் பட்டியலைப் பார்த்து, மருந்து தேவைப்படுவோரின் பெயர்களைக் காட்டி நினைவூட்டத் தொடங்கியது. முன்பு நூற்றுக்கு 40 பேருக்கே உரிய நேரத்தில் மருந்து கிடைத்து வந்த அந்த மருத்துவமனையில், 1994 அளவில் அது 99.1 ஆக உயர்ந்தது.

அடுத்தது கடினமான வேலை: தீவிர சிகிச்சைப் பிரிவு. மருத்துவர் நோயாளியின் எண்ணைக் கொடுத்தால், கணிப்பொறி அவருடைய காய்ச்சல், வெள்ளணுக்கள், சிறுநீரக நிலை, எக்ஸ்ரே, ஒவ்வாமை ஆகியவற்றைத் திரட்டும். அதே மருத்துவமனையில் கடந்த ஆண்டுகளில் இத்தகைய நோயாளிகளிடம் எந்தக் கிருமிகள் வளர்ந்தன, எவற்றுக்கு மடிந்தன என்று கணக்கிடும். பின்பு இன்ன மருந்து, இன்ன அளவு, இத்தனை மணிக்கொரு முறை, இத்தனை நாள், இன்ன விலை என்று திரையில் காட்டும். ஏன் இந்த மருந்து என்பதையும் காட்டும். 1994-இல் வெளியான சோதனையில், பின்னர் வந்த கிருமி ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டபோது, கணிப்பொறியின் ஊகம் நூற்றுக்கு 94 இடங்களிலும் மருத்துவர்களின் ஊகம் 77 இடங்களிலும் பொருத்தமாக இருந்தது.

முழு ஓராண்டுச் சோதனையின் முடிவு 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அப்பிரிவில் இருந்த 1,136 நோயாளிகளையும், கணிப்பொறியின் துணையோடு மருத்துவம் பெற்ற 545 நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். கிருமிக்கும் மருந்துக்கும் பொருந்தாத நிலை 206 முறை நேர்ந்திருந்தது, 12 ஆகக் குறைந்தது. ஒவ்வாமை உண்டென்று தெரிவித்திருந்தும் அதே மருந்தை எழுதியது 146 முறை; அது 35 ஆயிற்று. அளவுக்கு மிஞ்சிய மருந்து எழுதியது 405. அது 87 ஆயிற்று. மருந்தாலேயே தீங்கு நேர்ந்தது 28. அது 4 ஆயிற்று. முந்தைய எண்கள் இரண்டு மடங்கு நோயாளிகளுக்கு உரியவை என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. பாதியாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு பெரிதே.

இவற்றுள் நம்மை அதிகம் நிறுத்திச் சிந்திக்க வைத்தது அந்த 405 என்ற எண். அளவு மிஞ்சுவது மருத்துவரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. முதியவரின் சிறுநீரகம் திங்களன்று ஒருவாறும் வியாழனன்று வேறுவாறும் வேலை செய்யும். திங்களன்று சரியாக இருந்த அளவு வியாழனன்று உடலில் தேங்கத் தொடங்கும். ஜென்டாமைசின் போன்ற மருந்து அவ்வாறு தேங்கினால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பிய பாட்டியார் அதன் பின் பூசையில் வாசகம் கேட்கவில்லை என்றால், அதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். நாள்தோறும் ஒவ்வொரு நோயாளியின் சிறுநீரகக் கணக்கையும் சலிப்பின்றிப் பார்ப்பது மனிதனுக்கு எளிதன்று. பொறிக்குச் சலிப்பில்லை.

ஒரு செய்தியில் மட்டும் நாம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கணிப்பொறி சொன்னதை எப்போதும் பின்பற்றிய நோயாளிகள் சராசரியாக 10 நாட்களில் மருத்துவமனையை விட்டுச் சென்றார்கள். சில வேளைகளில் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தவர்களுக்கு 16.7 நாட்கள் ஆயின. முந்தைய ஆண்டுகளின் சராசரி 12.9. ஆன்டிபயாடிக் செலவும் முறையே 102, 427, 340 டாலர். இதைக் கண்டு பொறியின் சொல் தப்பாது என்று முடிவு கட்டிவிடலாகாது. நோய் முற்றிய, சிக்கலான நோயாளிகளிடத்தில்தான் மருத்துவர்கள் பொறியை மறுத்திருப்பார்கள். அவர்கள் நெடுநாள் கிடந்ததற்கு அவர்கள் நோயும் ஒரு காரணமாகலாம். நல்ல செய்தியையும் நிதானத்தோடு வாசிக்க வேண்டும்.

மருத்துவர் மறுக்கலாம் என்றோம் அல்லவா? அதுவே இவ்வமைப்பின் உயிர்நாடி. மருந்தை எழுதியது பொறியன்று, மருத்துவரே. திரையில் கண்டதை ஏற்கவும் தள்ளவும் அவருக்கு உரிமை இருந்தது. பொறி மருத்துவரை அகற்றிவிடும் என்று அஞ்சுவோரும், பொறியை நாடுவது இறைவனை நம்பாமை என்று பேசுவோரும் நம்மிடையே உண்டு. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை வாசித்த குடும்பங்களுக்கு, மருந்தும் மருத்துவரும் ஆண்டவரின் கொடை என்பதையும், செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையும் நாம் விளக்கத் தேவையில்லை. மருத்துவரின் நினைவுக்குத் துணை நிற்கும் கருவியை அந்தக் கொடையிலிருந்து பிரித்து வைக்க நமக்குக் காரணம் தோன்றவில்லை.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. அடிக்கடி எச்சரிக்கும் பொறியை யாரும் கேட்பதில்லை. எப்போதும் குரைக்கும் நாயை வீட்டார் பொருட்படுத்தாதது போல, ஐம்பது எச்சரிக்கைகளைத் தள்ளிய விரல் ஐம்பத்தொன்றாவதையும் தள்ளிவிடும். அதுவே உயிரைக் காக்க வேண்டிய எச்சரிக்கையாக இருந்திருக்கும். மேலும், ஓர் ஊரின் கிருமிக் கணக்கு மற்றோர் ஊருக்கு உதவாது. சால்ட் லேக் சிட்டியின் கணக்கைக் கொண்டுவந்து வேறொரு நாட்டில் வைத்தால், அது தன்னம்பிக்கையோடு தவறாகச் சொல்லும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஆய்வுக்கூடத்தை ஒழுங்காக நடத்தி, தன் கணக்கைத் தானே எழுத வேண்டும். பணம் கொடுத்து வாங்கக் கூடியது பொறி மட்டுமே.

ஆயினும் இம்முயற்சி ஒரு மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 59 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. நுரையீரல் அழற்சிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சேர்க்கப்பட்ட நோயாளிக்கு மருத்துவர் மிக வலிய மருந்தை எழுத முற்பட்டால், திரையில் ஒரு குறிப்புத் தோன்றும். இந்த நோயாளியிடம் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. வழக்கமான மருந்தே போதும் என்று அது சொல்லும். அவ்வளவுதான். வலிய மருந்துகளின் பயன்பாடு நுரையீரல் அழற்சியில் 28.4 விழுக்காடும், சிறுநீர்த் தொற்றில் 17.4 விழுக்காடும் குறைந்தது. அதனால் நோயாளிகள் மோசமடைந்து தீவிர சிகிச்சைக்குச் செல்வது அதிகரிக்கவில்லை. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் கூடவில்லை. நள்ளிரவில் எண்ணிக்கை ஒன்று கண்முன் இருந்தால் மருத்துவர் துணிகிறார். இல்லையேல் அஞ்சுகிறார் என்பதே இதன் பொருள்.

சால்ட் லேக் சிட்டியின் அந்த 146 என்ற எண்ணுக்கு மீண்டும் வருவோம். ஒவ்வாத மருந்து எழுதப்பட்டபோது பொறி தடுத்தது என்றால், அது ஒவ்வாது என்று பொறிக்கு எப்படித் தெரிந்தது? மருத்துவமனையில் சேரும்போது நோயாளியோ அவர் வீட்டாரோ சொன்னார்கள். செவிலியர் ஒருவர் பதிந்தார். சொல்லாதிருந்தால் எத்தகைய பொறிக்கும் தெரிந்திராது.

நம் பல இல்லங்களில் குடும்ப விவிலியத்தின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் ஞானப் பெற்றோரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். நாம் அறிந்த முதிய தாய் ஒருவரின் விவிலியத்தில், மூன்றாம் மகனின் பெயருக்கு எதிரே, ஞானஸ்நான நாளுக்கு அடுத்து, ஊதா மையில் இன்னொரு வரியும் இருக்கிறது: “பென்சிலின் ஊசி ஆகாது.” சிறு வயதில் ஊசி போட்டு மூச்சடைத்த நாளன்று எழுதியது. அந்தத் தாய் இன்றில்லை. மகனுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, அவருடைய மகள் தன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்த அந்தப் பக்கத்தைச் சேர்க்கை மேசையில் இருந்த செவிலியரிடம் காட்டினாள். அவர் ஞானஸ்நான நாளையும் சேர்த்து வாசித்துவிட்டு, புன்னகையோடு கணிப்பொறியில் பதிந்துகொண்டார்.